இடைவேளை விட்ட இடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் படம் காட்டும் தொழிலில் எனக்குத் தெரியாத சொல் கிடையாது. சண்டையால் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் வந்து, தென்னங்கிடுகால் கொட்டில் போட்டு, ஒரு ரீவி, ஒரு வீடியோ டெக், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் என்று எல்லாம் தனியாளாகத் தேடி வைத்தேன். மாடி இல்லாத அந்தக் கொட்டிலிலும் பின்னால் போட்ட வாங்குப் பலகைக்குப் பெயர் பல்கனி, மண்தரைக்குப் பெயர் கலரி. கிளிநொச்சித் தியேட்டரில் பழகிய சனம் வேறெப்படிச் சொல்லும்? வீடியோ கசற்றைக்கூடப் படப்பெட்டி என்றுதான் கேட்டார்கள். இன்று கைபேசியில் படம் பார்க்கிறவர்களும் இடைவேளை என்கிறார்கள்.

சுருள் மாற்றும் வேலை கசற்றுக்கு இல்லை. ஆனாலும் நான் இடைவேளை விட்டேன். விடாவிட்டால், "என்ன அண்ணை, இடைவேளையில்லாமல் இதென்ன படம்?" என்று கலரியிலிருந்து சத்தம் வரும். கதை சூடேறும் இடம் பார்த்து எஞ்சினை நிறுத்துவதில் வன்னியில் என்னை வெல்ல ஆளில்லை.

ஒருநாள் பின்னேரம், பக்கத்துக் காணியில் இருந்த அம்மா தன் மகளோடு வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு வந்த வேதக்காரக் குடும்பம். பிரான்சில் இருந்த மகனின் கலியாணக் கசற் யார் யாரோ கைமாறி வந்திருந்தது. ஏழு வருடமாக அவர் மகனின் முகம் காணவில்லை.

"தம்பி, இதை ஒருக்கால் போட்டுக் காட்டுவியளே?"

"பல்கனியில இருங்கோ அம்மா."

முதலில் பெண் வீடு. நெடுநேரம் பெண்ணையே அலங்கரித்தார்கள்.

"எங்க தம்பி, இவனைக் காணேல்லை?"

"கதாநாயகன் பிந்தித்தான் வருவான் அம்மா."

தேவாலய வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. கறுப்புச் சப்பாத்துப் போட்ட கால் ஒன்று நிலத்தில் பட்டது. நான் எஞ்சினை நிறுத்தி, "இடைவேளை" என்றேன். அம்மாவும் சிரித்தார்.

பிறகு எஞ்சின் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடினாலும் அதைத் தொடக்க ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டும். போத்தல் காய்ந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. கை கொப்பளிக்கக் கயிற்றை இழுத்தேன். கரண்ட் இல்லாமல் டெக்கிலிருந்து கசற்றையும் எடுக்க முடியவில்லை.

"பரவாயில்லைத் தம்பி, இன்னொரு நாள் ஆறுதலாப் பாப்பம். சப்பாத்தைக் கண்டிட்டன்தானே."

பெற்றோல் தேடிப் புதுக்குடியிருப்பு வரை சைக்கிள் உழக்கினேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் அது மருந்தைப் போல் அரிது. ஐந்தாம் நாள் சின்னப் போத்தலோடு திரும்பியபோது அவர்களின் வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. மலேரியாக் காய்ச்சல் மூன்றே நாளில் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்தபின் மகள் வந்தாள்.

"அண்ணை, கசற்றை எடுத்துத் தாங்கோ."

எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது.

"மிச்சத்தைப் போடட்டோ பிள்ளை?"

"வேண்டாம் அண்ணை. அம்மா காணாததை நான் என்னெண்டு பாக்கிறது?"

எந்தக் கசற்றையும் தொடக்கத்துக்குத் திருப்பிச் சுற்றித்தான் கொடுப்பேன். அதைச் சுற்ற எனக்குக் கை வரவில்லை. அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.