குதிரை துப்பிய புல்

சேலத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். பாடம் நடத்துவது பேராசிரியர்களின் வேலை. கண்ணாடி அலமாரியைத் திறந்து மண்டை ஓடுகளைத் துடைத்து, செய்முறைத் தேர்வு நாளில் எண் ஒட்டி மேசைமேல் வரிசையாக வைப்பது என் வேலை. நாய், பூனை, முயல், ஆடு, குதிரை. ஆட்டின் மண்டை ஓட்டைப் பார்த்து, மேல் முன்பற்கள் உடைந்துவிட்டன என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது எழுதிவைக்கும். ஆட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது. அங்கே இருப்பது கெட்டியான ஈறு. அதில் புல்லை அழுத்திக் கீழ்ப்பல்லால் அறுத்துக்கொள்ளும். கதவோரம் நிற்கிற எனக்குத் தெரிந்தது மூன்று வருடம் படித்ததுகளுக்குத் தெரியவில்லையே என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

இருப்பதிலேயே கனமானது குதிரை மண்டை ஓடுதான். அதற்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தொங்கும். ஆதிகாலத்துக் குதிரை நாய் அளவே இருந்தது. காட்டுக்குள் திரிந்து மெத்தென்ற இலைகளைத் தின்றது. அதன் பல்லும் நம் பல்லைப் போலக் குட்டை. பிறகு காடு சுருங்கிப் புல்வெளி பரவியது. புல் லேசுப்பட்டதில்லை. அதற்குள்ளேயே மணல் மாதிரி ஒரு பொடி இருக்கிறது, தரையின் மண்ணும் சேர்ந்துகொள்ளும், தின்னத் தின்னப் பல் தேயும். குட்டைப் பல் குதிரைகள் பல் தீர்ந்து பட்டினி கிடந்தன. நெட்டைப் பல் வாய்த்தவை பிழைத்துக் குட்டி போட்டன. எத்தனையோ தலைமுறை இப்படியே போய், இன்றைய குதிரையின் தாடைக்குள் விரல் நீளத்துக்குப் பல் புதைந்திருக்கிறது. மேலே தேயத் தேய உள்ளிருந்து ஏறி வரும். இந்தப் பாடத்தை நான்கு பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த மண்டை ஓட்டைத் துடைக்கும்போது மட்டும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரத்தில் துணி மாட்டிக்கொண்டு இழை இழையாகப் பிரியும். திட்டிக்கொண்டே வேறு துணி எடுப்பேன்.

ஓய்வு பெற்றதும் ஏற்காட்டில், தலைச்சோலைக்குப் போகிற பக்கத்தில், மாமனார் விட்டுப்போன சின்ன வீட்டுக்கு நானும் மனைவியும் குடிவந்தோம். குடிவந்த எட்டாம் மாதம், மகளுக்குப் பிரசவம் என்று மனைவி பெங்களூர் போனாள். ஆறு மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. மகள் வேலைக்குப் போகவேண்டும், குழந்தையை யார் பார்ப்பது? அதற்குள் இரண்டாவதும் வந்துவிட்டது. இப்போது மூன்று வருடம் ஆகப்போகிறது. நானும் ஒருமுறை போய் இருந்து பார்த்தேன். பதினோராவது மாடி பால்கனியில் உட்கார்ந்து கீழே கார்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. நான் தனியாகவே இருந்துகொள்வேன் என்று ஒரே வாரத்தில் வீம்பாகக் கிளம்பி வந்துவிட்டேன். வாயை விட்டாயிற்று, இருந்துதானே ஆகவேண்டும். மலையில் பனி இறங்கினால் எதிர் வீட்டு விளக்கு தெரியாது. காலையில் வைத்த சோறு சாயங்காலமும் குக்கரில் அப்படியே இருக்கும். போனில் மனைவி கேட்டால், வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்பேன்.

போன ஐப்பசியில் அந்தக் குதிரை என் வாசலுக்கு வந்தது. ஏரிப் பக்கம் சுற்றுலா வரும் பிள்ளைகளை முதுகில் ஏற்றிச் சுற்றிவந்த குதிரைதான், எனக்கு அடையாளம் தெரிந்தது. கிழடு தட்டிவிட்டதென்று அதன் சொந்தக்காரர் அவிழ்த்துவிட்டிருந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம். மழைக்குப் பின் வேலியோரமெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. குதிரை ஒரு வாய் பிடுங்கும், தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கொஞ்சம் மெல்லும், பிறகு மென்றதை ஈர உருண்டையாகக் கீழே போட்டுவிடும். கேட்டுக்கு முன்னால் அப்படி ஏழெட்டு உருண்டைகள் கிடந்தன.

தின்ன இருக்கிறது, தின்ன மனசில்லை. இத்தனை வருடம் கூடவே இருந்தவன் அவிழ்த்துவிட்டுப் போய்விட்டான், அந்த ஏக்கத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த நாளே ஒண்டிக்கடை முக்குக்குப் போய்த் தவிடு வாங்கிவந்தேன். வெந்நீர் விட்டுக் கஞ்சியாகப் பிசைந்து, வேகவைத்த கொள்ளைக் கையால் மசித்துப் போட்டேன். குதிரை மொத்தத்தையும் உறிஞ்சிக் குடித்தது. பன்னைப் பாலில் நனைத்து நீட்டினால் உள்ளங்கையிலிருந்தே எடுத்துக்கொண்டது.

அதிலிருந்து நாளுக்கு இரண்டு வேளை வந்தது. பெரிய கல் ஒன்றை இழுத்துப்போட்டுக் குதிரையின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் என் தட்டை வைத்துக்கொள்வேன். பேச ஆள் கிடைத்த மாதிரி என்னென்னவோ சொல்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். நான் கொடுத்தால்தான் சாப்பிடுகிறது என்று மனைவியிடமும் போனில் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் குதிரை தேறவில்லை. மார்கழி பிறந்ததும் இன்னும் இளைத்தது. ஒருநாள் கஞ்சியையும் பாதியில் விட்டது. வாயோரம் எச்சில் ஒழுகி நாறியது. இது பிழைக்காது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செத்துப்போனால் நான் மறுபடி யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்பதுதான் முதலில் தோன்றியது. கோபம் முழுக்கச் சொந்தக்காரர்மேல் திரும்பியது. அவர் இப்போது ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறார். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் போய், வாயில்லாத ஜீவனை இப்படித் தவிக்கவிட்டாயே, உன்னை நினைத்து ஏங்கியே சாகப்போகிறது என்று பிடிபிடி என்று பிடித்தேன்.

அவர் சோளத்தைத் திருப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார். “ஏனுங்க, குதிரையாவது ஏங்கறதாவது? மேஞ்சு பொழைச்சுக்குமின்னுதானுங்க அவுத்துவுட்டேன். புல்லைத் துப்புதுன்னு சொல்றீங்களே, வாயைத் தொறந்து பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அவரே கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்தார். மறுநாள் கால்நடை டாக்டரம்மாவையும் கூட்டிவந்தோம். சின்ன வயதுதான், ஆனால் கைகள் தயங்கவில்லை. குதிரையின் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தினார், அது துள்ளிப் பின்வாங்கியது. மயக்க ஊசி போட்டு, வாய் மூடாமலிருக்க இரும்புச் சட்டத்தை மாட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். விரலை விட்டு மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன். கத்தி. முப்பத்தோரு வருடம் என் துணியைக் கிழித்த அதே ஓரம். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், தேயாமல் நிற்கும் வெளிவிளிம்பு கூராகிவிடும் என்று அந்த நான்கு பேராசிரியர்களும் மண்டை ஓட்டைத் திருப்பிக் காட்டிச் சொன்னதுதான். காய்ந்த எலும்பில் துணி கிழிந்தது. இங்கே கன்னம் கிழிந்து சீழ் வைத்திருந்தது.

நான் என்ன தீனி போட்டேன் என்று டாக்டரம்மா கேட்டார். பெருமையாகச் சொல்லிவந்ததை அன்றைக்குக் குற்றவாளி மாதிரி சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

“நல்ல மனசுலதான் பண்ணியிருக்கறீங்க. ஆனா மெத்துமெத்துன்னு குடுத்தா அது தாடையை அகட்டி அரைக்கவே அரைக்காதுங்கய்யா. கூரு இன்னும் நொம்பத்தான் ஏறும். இது புல்லுத் திங்கறதுக்குன்னே அமைஞ்ச பல்லு.”

நீளமான அரத்தை வாய்க்குள் விட்டு ராவினார். சொந்தக்காரர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பல் தூள் தண்ணீரோடு வெள்ளையாக வழிந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதுகூடச் சரியாகப் பிடிக்கவில்லை. சொந்தக்காரர் போகும்போது அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். குதிரை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் புண்ணுக்கு மருந்து. அதுவரை மட்டும் கஞ்சி கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா, கொடுத்தேன். அடுத்த வாரம் காலை வேளை மட்டும் வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு நாள் வந்து வாளியை மோந்துவிட்டுப் போனது. அப்புறம் வரவே இல்லை. கரைத்த கஞ்சி புளித்து நுரைத்தது. கொட்டிவிட்டு மறுநாளும் கரைத்தேன்.

நான்காம் நாள் பொறுக்காமல் தேடிக்கொண்டு போனேன். இரண்டு வளைவு தள்ளி, சாலைக்குக் கீழே காப்பித் தோட்ட வேலியை ஒட்டிய சரிவில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. விலா மறைய ஆரம்பித்திருந்தது. கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தது, வாயில் புல் தொங்க. தாடை ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் போய்வந்தது. கரகரவென்று அரைபடும் சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. அடுத்த வாய்க்குக் குனிந்துகொண்டது. நன்றி கெட்ட சனியன் என்று வாய்விட்டே திட்டினேன். அது தேறிவிட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான், இல்லையென்று சொன்னால் பாவம். ஆனாலும் திரும்பி நடக்கும்போது அழுகை வந்தது. ஜீப்பில் வந்த யாரோ நிறுத்தி, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள். மண்டை ஓட்டோடு காலம் தள்ளியவருக்கு உயிருள்ள வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா என்று கேலி பேசினாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்குது. உங்களுக்கும் பல்லுல ஏதாச்சும் கோளாறா? டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

நாக்கால் ஒருமுறை துழாவிப் பார்த்தேன். மேலும் கீழும் எல்லாம் உறுதியாக, அதனதன் இடத்தில் இருந்தன.

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ இல்லாமத்தான் சோறு எறங்க மாட்டேங்குது.”

படம் நின்றுபோய்விட்டதோ என்று நினைத்தேன், ஆனால் அவள் கண் இமைத்தது. உள் அறையில் சின்னது விழித்துக்கொண்டு அழுதது. வைத்துவிடட்டுமா என்று கேட்டாள். வை என்றேன்.