கறுப்புக் கட்டங்களுக்குள் ஒரு வார்டு

கணினித் திரையில் பன்னிரண்டு கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் மட்டும். எங்கள் ஜெர்மன் இணைய வகுப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பெங்களூரின் மூலைமுடுக்குகளிலிருந்து, வேலை முடிந்த களைப்போடு வந்து உட்காருவோம். தலை கலைந்திருக்கும், வீடும் கலைந்திருக்கும். யார் கேமராவைப் போடுவார்கள்?

அந்தக் கட்டங்களில் ஒன்று லிங்கராஜபுரத்தில் என் எதிர்வீட்டு நர்ஸ் அக்காவுடையது. ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலைக்கு எழுத்துத் தேர்வு முடித்துவிட்டார். மீதி இருந்தது இணையவழி நேர்காணல் ஒன்றுதான். எழுதச் சொன்னால் சாட்டில் பிழையில்லாமல் கொட்டுவார். பேசச் சொன்னால் மௌனம். ஏன் என்று ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"மூஞ்சி தெரியாத சுவத்துகிட்ட என்னத்த தம்பி பேசுறது? பேஷண்ட் கண்ணப் பாத்தாதான் எனக்கு வாயே தொறக்கும்."

நாலு பேர் பேசுவதை நோட்டில் குறித்துவைப்பது என் பழக்கம். இதை நோட்டோடு நிறுத்தவில்லை. அக்கா இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, எல்லாரிடமும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பில் அத்தனை கேமராக்களும் திறந்தன. அத்தனை பேரும் படுத்திருந்தோம், நெற்றியில் ஈரத்துண்டோடு, ஆசிரியையும்தான்! அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்டார். கட்டம் கட்டமாக, ஜெர்மனில்: எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மாத்திரை போட்டீர்களா? ஆனேக்கல்லிலிருந்து வகுப்புக்கு வரும் ஒருவருக்கு நெட் சிக்கி, வாய் பிளந்தபடியே படம் உறைந்துபோனது. "டாக்டரைக் கூப்பிடுங்கள், இவர் அசையவில்லை!" என்று ஜெர்மனிலேயே கத்தினார் அக்கா. கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது: "சாகலக்கா, நெட்டுதான் போச்சு!" எங்கள் வகுப்பில் இன்றுவரை யாரும் கேமராவை அணைப்பதில்லை.

நேர்காணலுக்கு என் லேப்டாப்பைக் கொடுத்து, கேமராவில் படாத ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன் அதிகாரி வந்தார். வந்தது குரல் மட்டும். மறுபடி கறுப்புக் கட்டம். முதல் கேள்வி வந்தது. அக்காவின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கின. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, முகம் பார்க்காமல் எனக்குப் பேச வராது. தயவுசெய்து கேமராவைப் போடுங்கள்."

எந்தப் பாடத்திலும் இல்லாத ஜெர்மன் வாக்கியங்கள், அவரே கட்டியவை.

கழுத்தில் கம்பளித் துண்டும் சிவந்த மூக்குமாக ஒரு பெரியவர் திரையில் தோன்றினார். அக்கா விடுவாரா? எத்தனை நாளாகச் சளி, காய்ச்சல் உண்டா, இருமினால் நெஞ்சு வலிக்கிறதா? அவரும் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னபோது, நீட்டியும் காட்டினார்.

நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எப்போது வேலையில் சேருகிறீர்கள்?"