இன்ஜின் சத்தம் குறையும் இடம்

அப்பா தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையில் ஃபைபர் படகு ஓட்டியவர். ஐந்து வருடத்துக்கு முன், மணல் மேடிட்ட முகத்துவாரத்தில், அலைக்கு நடுவே இன்ஜின் நின்று படகு கவிழ்ந்தது. அப்பா மட்டும் கரைக்கு வந்தார். கூடப் போன என் அண்ணன் வரவில்லை. அலையைத் தாண்டுவதற்குள் அப்பாதான் இன்ஜின் ரேஸைக் குறைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. அவர் மறுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் படகு ஏறவில்லை.

தங்கச்சி, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டு பாரீஸ் பக்கம் இருக்கிறாள். அம்மா இல்லாத தலைப்பிரசவம். "நீயாவது வாப்பா" என்று போனில் அழுதாள். அதற்காகத்தான் அப்பா என்னோடு விமானம் ஏறச் சம்மதித்தார்.

"மேல ஏறும்போது இன்னா இன்னா ஆவும்னு மொதல்லயே சொல்லிடுடா. திடீர்னு எதுனா ஆச்சின்னா தாங்கமாட்டேன்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவன் நான்; படித்ததும் விமானப் பொறியியல். முதுகு இருக்கையோடு அழுந்தும், சக்கரம் உள்ளே போகும்போது 'தட்'டென்று கேட்கும், காது அடைக்கும் என்று பெருமையாகவே சொல்லிக்கொடுத்தேன்.

சென்னையில் காலை விமானம். நான் சொன்னது ஒவ்வொன்றாக நடக்க, அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். கீழே கடல் தெரிந்தது. அப்போது இரைச்சல் சட்டென்று இறங்கியது. உடம்பு லேசாகிக் கீழே போவதுபோல் இருந்தது. அப்பாவின் வலது கை இருக்கைப் பிடியை இறுக்கி முறுக்கியது.

"நின்னுபோச்சிடா."

பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம். எழும்பத்தான் முழு விசை வேண்டும். கொஞ்சம் உயரம் போனதும் குறைத்துவிட்டு, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, வேகம் பிடித்து ஏறுவார்கள். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"அப்பா, முகத்துவாரத்துல முழு ரேஸ் வச்சி ஏறுவ இல்ல? அலை தாண்டினதும் இன்னா பண்ணுவ?"

"கொறைப்பேன்."

"அதாம்பா. கொறச்சிருக்கான். நிக்கல."

கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆமா. ஓடுது." பிறகு, "இத மொதல்ல சொல்றதுக்கு இன்னாடா? இத்தினி வருசம் படிச்சி!"

"மறந்துட்டேம்பா."

விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னிக்கி நான் கொறைக்கலடா. அதுவாத்தான் நின்னுச்சி."

"தெரியும்பா" என்றேன்.

அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. ஊரோடு சேர்ந்து நானும் சந்தேகப்பட்டிருந்தேன்.