நனைந்த பாஸ்போர்ட்டுக்கு ஒரு சாட்சி

மேலகரத்தைத் தாண்டித் தென்காசிக்கு நடந்துகொண்டிருந்தோம். குற்றாலத்தில் சீசன் முடிந்துகொண்டிருந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலையை அன்று காலையோடு விட்டிருந்தேன். ஒருவேளைச் சாப்பாட்டுக்குக்கூட அதில் வரும்படி இல்லை. என்கூட நடந்தவன் என்னிடம் கடைசியாக எண்ணெய் தேய்த்துக்கொண்ட மலேயா மாணவன். பாளையங்கோட்டையில் படிக்கிறவன். அக்கா கல்யாணத்துக்காக லீவு வாங்கிக்கொண்டு, மெட்ராஸில் கப்பலேறப் புறப்பட்டிருந்தான். அருவியைப் பார்க்காமல் வந்தால் அக்கா சும்மா விடமாட்டாள் என்று, பெட்டியைத் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் போட்டுவிட்டுக் குற்றாலம் வந்திருக்கிறான்.

அவன் இரண்டு கைகளிலும் ஏந்திவந்தது பாஸ்போர்ட். அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கே போனாலும் அது உடம்பை விட்டுப் போகக் கூடாது என்று அவன் அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். மகனும் அதைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பேரருவிக்கு அடியில் நின்றுவிட்டான். எண்ணெய் தேய்க்கும்போது என் கை பொட்டலத்தில் பட்டதும் வெடுக்கென்று தட்டிவிட்டான். அன்று என் கோலத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெளியே வந்து பிரித்தபோது அவன் பெயர் நீலக் கறையாகியிருந்தது. போட்டோ ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, காஞ்ச பிறகு பேனாவால மேல எழுதிடவா?”

“கிறுக்கா, அதை மட்டும் செஞ்சிராத.”

கொழும்பில் காகிதமில்லாமல் பிடிபட்டு, சில வாரம் உள்ளே இருந்து, கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அதிகாரிகளின் மேஜைகளுக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். இந்தக் கப்பலை விட்டால் அவன் அக்கா கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியாது.

தென்காசி தபாலாபீஸில் ட்ரங்க் கால் போட்டோம். மெட்ராஸில் இருந்த அவன் நாட்டு ஆபீஸின் நம்பரை அப்பா மனப்பாடம் செய்யவைத்திருந்தார். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது. இங்கிலீஷில் கத்திக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னான். துடைக்கவோ எழுதவோ கூடாது, அப்படியே கொண்டுவந்தால் கப்பல் புறப்படுவதற்குள் மாற்றுக் காகிதம் தருவார்களாம். ஆனால் எப்படி நனைந்தது என்று போலீஸ் எழுதிய தாளும், பார்த்த ஆளின் கையெழுத்தும் வேண்டும். பார்த்த ஆள் நான்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“அருவியில குளிப்பாட்டுனியோ? சோப்பு போட்டியாலே?”

சிரித்துக்கொண்டே முழுவதையும் எழுதியவர் என் பக்கம் திரும்பினார்.

“விலாசம்?”

“நிலையா ஒண்ணும் இல்ல ஏட்டையா.”

“நேத்து எங்கன படுத்த?”

“குத்தாலத்துல ஒரு கடை வாசல்ல.”

“நாளைக்கு?”

“தெரியல.”

பேனாவை மூடிவிட்டார். “மெட்ராஸ்லேர்ந்து கேட்டா நான் யாரைப் போயி காட்டுவேன்? ஊரு உள்ளவன் எவனையாவது கூட்டிட்டு வா.”

பார்த்தவன் வேறு யாரும் இல்லை. மெட்ராஸ் ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எதிர் ஓட்டல்கார அண்ணாச்சி காலி டம்ளர்களை எடுக்க வந்திருந்தார். என் கைகளையும் தோளையும் ஒரு பார்வை பார்த்தார்.

“நம்ம கடை விலாசத்தைப் போடுங்க ஏட்டையா. இவன் அங்கன மாவாட்டுதான்.”

“எப்பலேர்ந்து?”

“நாளைக் காலைலேர்ந்து. ஆட்டுனவன் ஓடிப்போயிட்டான். எம் பொண்டாட்டி கைவலியில என்னைப் போட்டு ஏசுதா.”

ஏட்டையா என்னைப் பார்த்தார். “ஏலே, ஆட்டுவியா?”

எந்த ஊரிலும் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தவன் இல்லை நான்.

“ஆட்டுதேன்.”

“அவனுக்குக் காகிதம் கிடைச்ச தகவல் வார வரைக்கும் நீ நகரக் கூடாது. காலைல வந்து பாப்பேன்.”

கையெழுத்துப் போட்டேன். ரயிலில் மாணவன் பாஸ்போர்ட்டை வாழை இலையில் விரித்து மடியில் வைத்துக்கொண்டான். “ஜன்னல் ஓரமா உக்காராத, சாரல் அடிக்கும்” என்றேன். உடனே எழுந்து இடம் மாறினான்.

பிறகு அவன் ஊரான ஈப்போவிலிருந்து ஓட்டல் விலாசத்துக்குக் கல்யாணப் போட்டோ ஒன்று வந்தது. அக்காவுக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். அது வந்து சேரும்வரை நான் அங்கேயே இருந்தது எனக்கே ஆச்சரியம்.

அவனை ரயிலேற்றிவிட்ட மறுநாள் விடியும் முன்பே, வடைக்கு ஊறவைத்த உளுந்தை ஆட்டுரலில் போட்டுக் குழவியைச் சுற்றத் தொடங்கினேன். பொழுது நன்றாக விடிந்ததும் ஏட்டையா வந்து அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். வடை எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் பெஞ்சியில் போய் உட்கார்ந்தார்.