எந்தக் கம்பெனி?

வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்த மறுநாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உண்மையச் சொல்லு. நீயா விட்டியா, அவிங்க தூக்கிட்டாய்ங்களா?"

நானாகத்தான் விட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. அந்த வாரக் கடைசியில் அம்மாவிடம், "அவ கம்பெனியில இருந்து யாராச்சும் போன் பண்ணுனா எங்கிட்டக் குடு" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

சென்னையில் பதினான்கு வருடம் மென்பொருள் வேலை பார்த்தேன். ஒருவர் போனில் எதைத் தொடுகிறார், எங்கே தயங்குகிறார் என்பதை அவருக்கே தெரியாமல் சேகரித்து வேறிடத்துக்கு அனுப்புவதுதான் கடைசி ஐந்து வருட வேலை. அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி வகுப்பில் கற்றதைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கற்றதே அதிகம் என்பதைக் கவனித்திருந்தேன். ஊர்ப்பக்கத்திலும் அப்படி நடக்கும், நடுவில் எந்தக் கம்பெனியும் தேவையில்லை என்று தோன்றியது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும்; யாருக்கு என்ன தெரியும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தால் போதும். இப்படிச் சொன்னால் எளிதாகத்தான் இருக்கிறது.

பேரையூரைத் தாண்டி ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்கூட்டரில் போய், ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். யாருக்கு மோட்டார் பழுது பார்க்கத் தெரியும், யாருக்கு மக்காச்சோளத்தில் புழுவைக் கட்டுப்படுத்தத் தெரியும், யாருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடத் தெரியும். வீடுகளை அடையாளம் காணக் கிணறுகளையும் பாதைகளையும் படமாக வரைந்துகொண்டேன்.

முதலில் பேச்சுக் கொடுத்தவர் ஆடு வளர்க்கும் ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். ஆட்டுக்கிடைக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"நீ எந்தக் கம்பெனித்தா?"

"எந்தக் கம்பெனியும் இல்லக்கா."

"கம்பெனி இல்லாம இம்புட்டு வெயில்ல யாரு வருவா?"

ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வார் என்று கேட்டேன். சொன்னார். நான் எழுதுவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "எழுதாத. எழுதுனா அது எங்கிட்டாச்சும் போகும்."

நோட்டை மூடிவிட்டேன். ஐந்து வருடம் நான் பார்த்த வேலையே அதுதானே.

மூன்றாவது வாரம் பருத்திக் காட்டு ஓரத்தில் இரண்டு பேர் வண்டியை மறித்தார்கள். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக்கொடுக்க நான் வந்திருப்பதாக ஊருக்குள் பேச்சாம். பையைத் திறக்கச் சொன்னார்கள். நோட்டில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் ஒருவர் முகம் மாறியது. "எங்க கெணத்தெல்லாம் எதுக்கு வரஞ்சு வச்சிருக்க?" என்றார். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அப்போது ஆடுகளோடு அந்த வழியாக வந்த அக்கா நோட்டைக் கையில் வாங்கினார். எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். மறித்தவர்களில் ஒருவரின் தம்பிக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் சரிபார்க்கத் தெரியும் என்று இருந்த வரியில் நின்றார்.

"மாப்ள, ஒந்தம்பிக்கு இந்த வேல தெரியுமா? போன மாசம் எம் மோட்டாரு நின்னப்ப நான் கல்லுப்பட்டி வரைக்கும் ஆள் தேடிப் போனேனே!"

அவர் தலையைச் சொறிந்தார். "நீ கேக்கலையேக்கா."

அக்கா வரைபடம் இருந்த தாளை மட்டும் கிழித்து அவரிடம் கொடுத்தார். நோட்டைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். நீ போத்தா."

ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது நோட்டில் எனக்குத் தெரியாத கையெழுத்துகள் நிறைந்திருந்தன. அந்தத் தம்பி நான்கு பெண்களுக்கு ஸ்டார்ட்டர் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தான். அக்கா இரண்டு ஊர் தள்ளிப் போய், சாகக் கிடந்த ஒரு சினையாட்டைக் காப்பாற்றிவிட்டு வந்திருந்தார். போனிலும் தனியாகக் குழு ஆரம்பித்திருந்தார்கள். என்னைச் சேர்க்கவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது சந்தேகம். ஊர் ஊராகப் போகிறாரே, வீட்டுக்கு வீடு பேசுகிறாரே, அக்கா தேர்தலில் நிற்கப்போகிறாரோ? நான் சேர்த்த ஆட்களை வைத்து வேறு ஏதாவது நடக்கிறதோ? கேட்டே விட்டேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "ஏன், நின்னா என்ன? ஒன்ன நாங்க கேட்டப்ப எம்புட்டு வருத்தப்பட்ட? இப்ப நீ கேக்குற."

"குழுவுலயாச்சும் என்னையச் சேத்துக்கங்களேன்க்கா" என்றேன்.

"நீ இருந்தா யாரும் பேச மாட்டாக. யாரோ பாத்துக்கிட்டே இருக்க மாதிரி இருக்கும்."

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கா தேர்தல் பேச்சை எடுக்கவேயில்லை. எனக்குத்தான் முழுதாக நம்பிக்கை வரவில்லை. இப்போது கிரானைட் குவாரிகள் நிறைந்த மேலூர்ப் பக்கம் போய்வருகிறேன். அங்கே கையில் எதுவும் கொண்டுபோவதில்லை; ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசுவதோடு சரி. போன வாரம் கூட்டம் முடிந்து ஒருவர் பேருந்து நிலையம் வரை கூடவே நடந்து வந்தார். பேருந்து ஏறும்போது மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீக. குவாரி ஆளுகளா நீங்க?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். பேருந்து திரும்பும்வரை அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.