வீட்டுக்குள் ஒரு வீடியோ கேம் கடை

சென்ற வாரம் செல்போன் பழுது பார்க்கும் கடையில் நின்றிருந்தேன். ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறியதும் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தழும்பு அப்படியே இருக்கிறது. வீரத் தழும்பெல்லாம் இல்லை. சால்டரிங் அயர்னைச் சூடான பக்கத்தில் பிடித்தவனுக்குக் கிடைப்பது.

தொண்ணூறுகளில் திருத்தணி ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். சண்டை ஆட்டத்தில் என்னை அடிக்க ஆளே இல்லை என்று வீட்டில் தினமும் அளப்பேன். அக்கா "அப்பிடியாடா?" என்று கேட்டுக்கொள்வாள்.

பிறகு கடையை மூடிவிட்டார்கள். சென்னைக்கு ரயிலேறி வேலைக்குப் போகத் தொடங்கியதும், அந்தக் கடையின் ஆட்டப் பெட்டியை வீட்டிலேயே உண்டாக்கிவிடுவது என்று இறங்கினேன். பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்க எமுலேட்டர் என்றொரு மென்பொருள் உண்டு. புதியதுதான் சிறந்தது என்பது என் அறிவு. பிரவுசிங் சென்டரில் ஆகப் புதிய பதிப்பை இறக்கி வந்தேன். என் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரில், ஆட்டக்காரன் ஓங்கிய கை இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். பழைய பதிப்பைப் போட்டேன். ஓடியது, ஆனால் கையிலிருந்த கேம் கோப்புகள் அதற்கு ஒத்துவரவில்லை. மறுபடி பிரவுசிங் சென்டர். இப்படியே மூன்று மாதம் போனது.

அப்புறம் டிவியோடு இணைக்க ஒரு டிஸ்ப்ளே கார்டு. கடையை மூடியவரிடம் கெஞ்சி வாங்கிய ஜாய்ஸ்டிக்குகள். அவற்றின் ஒயர்களைப் பற்றவைக்க ஒரு கீபோர்டைப் பிரித்துப் போட்டேன்; ஜாய்ஸ்டிக் பட்டனை அமுக்கினால் கீபோர்டில் அமுக்கியதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். தழும்பு அப்போது வந்ததுதான். தறியை நிறுத்திவிட்டு வந்த நைனா எட்டிப் பார்த்து, "இன்னாடா, டிவிக்கு ஆபரேசன் பண்ணிகினு கீறியா?" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு, கட்டிக்கொடுத்திருந்த நகரியிலிருந்து அக்கா வந்தாள். பக்கத்தில் உட்காரவைத்து, "எப்டி ஆடறதுன்னு சொல்லித் தரேன், பாத்துக்கோ" என்றேன்.

இரண்டே நிமிஷத்தில் என்னைத் தரையில் கிடத்தினாள்.

"என் பக்கம் பட்டன் சரியில்லக்கா. மூணு ஒண்ணா அமுக்குனா எடுக்கல." அது பொய்யுமில்லை, கீபோர்டின் குணம் அப்படி.

"ஆங், அப்ப நீ இந்தப் பக்கம் வா."

இடம் மாறினோம். மறுபடியும் கிடந்தேன்.

"எங்க கத்துக்கினக்கா?"

"உன்ன சோறு துன்ன கூட்டினு வரச் சொல்லி அம்மா தெனம் அனுப்புவாங்கல்ல? பொம்பளப் புள்ள உள்ள வரக் கூடாதுன்னுட்டாரு கடைக்காரரு. வாசல்லயே நின்னுகினு பாப்பேன். நீ தோக்கறத்தயும்தான்."

என் அளப்பையெல்லாம் அவள் பொய்யென்று தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதைவிட ஒன்று சுட்டது. வெயிலில் நின்றவளுக்காகக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஜாய்ஸ்டிக்கை அவளிடமே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அழைத்துப்போக வந்த அக்கா புருஷன், எங்கள் பாவா, கூடத்தில் காத்திருக்க, "இருங்க, இன்னும் ஒரே ஆட்டம்" என்றாள்.

புது டிவி வந்தபோது அந்தக் கார்டும் ஒயர்களும் பழைய சாமான்காரரிடம் போயின. வீடியோ கேம் கடையை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது பைக்குகள் நிற்கின்றன. வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று சென்ற வாரம் செல்போன் கடையிலிருந்து திரும்பும்போது நின்று தேடினேன். தெரியவில்லை.