சட்டையை வாங்காத செயலாளர்

மஞ்சள் பையோடு யாராவது ஒரு தாயோ தகப்பனோ கடைப்படி ஏறுவதைக் கண்டால், காளீஸ்வரியின் இரண்டு கைகளுக்கும் உடனே வேலை வந்துவிடும். ஒரு கை ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கை, உள்ளே சிக்கவே சிக்காத தாளைத் தேட ஆரம்பிக்கும். "கை பூராம் மையி. பைய அப்பிடியே வீட்டுக்குக் கொண்டு போயிருங்க, நாளைக்குப் பேசுவோம்" என்பார், திரும்பிப் பார்க்காமலே. நாளைக்கு வந்தால் ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் செல்போனும் இருக்கும். அந்தப் போனின் மறுமுனையில் யாரும் இருப்பதில்லை.

பையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். துவைத்து மடித்த கால்பந்துச் சட்டை.

திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காளீஸ்வரி, கண்மாய்க்கரை கால்பந்துக் கழகத்தின் செயலாளர். வயது நாற்பத்தாறு. இந்தப் பதவிக்கு வந்து ஏழு வருடமாகிறது. இன்றுவரை பந்தைக் காலால் தொட்டதில்லை. காலையில் லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு மாலையில் பிள்ளைகளை ஓடவிடும் கோச்சு ராஜபாண்டி, "படிவம் நிரப்ப ஒரு ஆளு வேணும் மதினி, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்று ஒருநாள் கேட்டார். போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கழகத்தில் காளீஸ்வரிக்குத் தெரியாமல் ஒரு பந்துக்குக் காற்றடிக்க முடியாது.

சுற்றுவட்டாரக் கழகங்களுக்குள் எங்கும் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை இந்தக் கழகத்தை விட்டு அந்தக் கழகத்துக்குப் போவதென்றால், போட்டிருந்த சட்டையைத் துவைத்துச் செயலாளர் கையில் கொடுக்க வேண்டும். செயலாளர் வாங்கிக்கொண்டு விடுவிப்புக் கடிதம் தருவார். கடிதம் இல்லாமல் புதுக் கழகம் பேரைப் பதியாது. மற்ற ஊர்ச் செயலாளர்களுக்கு இது ஒரு மரியாதை. காளீஸ்வரிக்கு இதில் வேறொன்று தெரிந்தது. கையில் கொடுத்தால்தானே? வாங்க ஒரு கை காலியாக இருந்தால்தானே?

பாலவனத்தத்துப் பலசரக்குக்காரர் ஒருவர், மகனை விருதுநகர்க் கழகத்தில் சேர்ப்பதற்காகச் சட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். காளீஸ்வரி அதைத் தொடவில்லை. மூன்று நாள் அதைச் சுற்றியே ஜெராக்ஸ் எடுத்தார், ஸ்டேப்ளர் அடித்தார், பக்கத்திலேயே வைத்துச் சோறும் தின்றார். நாலாம் நாள் தாலுகா ஆபீசுக்கு வந்த பலசரக்குக்காரர், தன் பிள்ளையின் சட்டை புழுதி படிந்து கிடப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் தானே தட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையன் இன்றைக்கும் இங்கேதான் ஆடுகிறான். கூரியரில் வந்த இன்னொரு சட்டை "இந்த அட்ரஸ்ல செயலாளருன்னு யாரும் இல்லயே தம்பி" என்ற பதிலோடு வந்த வழியே போனது. அதைச் சொன்னவர் செயலாளர்தான்.

கழகத்தின் மைதானம், தண்ணீர் இல்லாத கண்மாயின் உள்பக்கம். சீமைக்கருவேலத்தை வெட்டி, தூரைத் தோண்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் வானம் கறுத்தால் ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். காளீஸ்வரி மட்டும் குனிந்து, தண்ணீர் வந்தால் முதலில் அழியப்போகிற சுண்ணாம்புக் கோட்டைப் பார்ப்பார். "பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும். ஆனா லீக்கு முடியட்டுமே" என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வார். சத்தமாகச் சொன்னால் ஊரில் குடியிருக்க முடியாது.

ஆள் சேர்ப்பதும் கடையில் வைத்துத்தான். பிறப்புச் சான்றிதழோடு எந்தத் தாய் வந்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பார். பிறகு மேசைக்கு மேலாக எட்டி, கூட வந்த பிள்ளையின் காலைப் பார்ப்பார். யாரை எந்த அணியில் போடுவது என்று ராஜபாண்டி முடிவு செய்து தருவதை எழுதி, ஷட்டரில் ஒட்டுவதும் அவரே. ஏ டீம், பி டீம் என்று ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடைவாசலில் பெற்றோர் சண்டை. ஒரு ராத்திரி யோசித்து, பேரை 'முதல் அணி', 'முதன்மை அணி' என்று மாற்றிவிட்டார். எது ஏ, எது பி என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. தங்கபாண்டி என்ற தகப்பன் மட்டும் விடாமல் வந்து, "ரெண்டுல எதுக்கா பெருசு?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒசத்திதான் தம்பி. ஒங்க மகன் எதுல இருக்கானோ அது இன்னும் கொஞ்சம் ஒசத்தி."

தங்கபாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். பையன் பி டீம்.

இப்படி எல்லாரையும் சமாளித்த காளீஸ்வரியால் துர்காதேவியைச் சமாளிக்க முடியவில்லை. பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு, சட்டையில் ஒன்பதாம் எண், மைதானத்தில் இடது பக்கம். போன வருடம் பெண்கள் அணி போட்ட இருபத்து மூன்று கோலில் பதினெட்டு அவள் அடித்தது. அந்தப் பதினெட்டால்தான் கண்மாய்க்கரை, மாவட்டப் பெண்கள் லீக்கின் மேல் பிரிவுக்கு முதல்முறையாக ஏறியது. அணியில் மொத்தமே பன்னிரண்டு பிள்ளைகள். துர்கா போனால் சரியாகப் பதினொன்று. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால்கூட மாற்றி இறக்க ஆளில்லை. கோல் அடிக்கவும் ஆளில்லை. வந்த வேகத்தில் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். மேல் பிரிவுக்கு வந்த அன்று, புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னபோது காளீஸ்வரி அழுதுவிட்டார். படத்திலும் அப்படியேதான் இருக்கிறார்.

அந்தத் துர்காவைத்தான் அருப்புக்கோட்டையின் பெரிய கழகம் கேட்டது. அங்கே புல்தரை உண்டு, விளக்கு உண்டு, பெண் பிள்ளைகள் மட்டுமே முப்பது பேர் உண்டு. துர்காவின் அம்மா தங்கமாரி நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர். ஷிப்டு விட்டு வந்து பையோடு ஏழு தடவை படியேறினார். ஏழு தடவையும் மெஷினில் தாள் சிக்கியது. எட்டாவது தடவை பையைக் காணோம். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல்.

"யக்கா, இதெல்லாம் ஒவ்வொரு காப்பி போடுங்க."

காளீஸ்வரி பைலை வாங்கினார். ரேஷன் கார்டு, ஆதார், பாங்கு பாஸ்புக்கு. அதற்கடியில் சப்பையாகத் தேய்த்து மடித்த ஒன்பதாம் எண் சட்டை. தங்கமாரி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "வாங்கிட்டீகள்ல? கையில வாங்கிட்டீக. லெட்டரக் குடுங்க."

காளீஸ்வரி ஒரு விநாடிகூடத் திகைக்கவில்லை. சட்டையை மெஷின் கண்ணாடியில் விரித்தார், மூடியைச் சாத்தினார், பொத்தானை அமுக்கினார். கறுப்பு வெள்ளையில் கழுத்துப் பட்டையும் மடிப்பும் கொட்டை எழுத்தில் ஒன்பதுமாக ஒரு காகிதச் சட்டை வெளியே வந்தது. மற்ற மூன்றையும் காப்பி எடுத்து, சட்டையோடு எல்லாவற்றையும் பைலில் வைத்து நீட்டினார்.

"காப்பி கேட்ட, போட்டாச்சு. ஒரிஜினலப் பத்தரமா வச்சுக்கோ தங்கமாரி. எட்டு ரூவா குடு."

தங்கமாரிக்குக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் கோபமே ஞாபகத்துக்கு வந்தது.

அதோடு நிற்கவில்லை காளீஸ்வரி. பந்தல்குடி சந்தனம்மாள் என்று இல்லாத ஒரு பேரில் பெரிய கழகத்துக்குப் போன் போட்டார். "எம் மகளும் எடது பக்கம் நல்லா ஓடுவா சார். ஏ டீம்ல எடமிருக்கா?" அங்கே போன் எடுத்த சதீஸ்குமார் நல்ல மனிதர். ஏ டீமில் இடது பக்கத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள், திருச்சுழியிலிருந்து வரப்போகிற பிள்ளையைக்கூட பி டீமில்தான் போடுகிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். போனை வைத்த காளீஸ்வரி, சந்தோஷத்தில் எதிர்க்கடையில் மூன்று பஜ்ஜி வாங்கித் தின்றார். இனி ஒளிய வேண்டியதில்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிற இடத்தில் அல்லவா அவர் இருக்கிறார்!

பதிவு முடிகிற வெள்ளிக்கிழமை. மூன்றரை மணிக்குத் துர்கா பள்ளி யூனிபார்மோடு தனியாக வந்தாள். காளீஸ்வரி அன்று மெஷினைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருத்தா. ஒனக்கு ஒரு சேதி தெரியுமா? அங்க ஒன்ன பி டீம்ல போடப் போறாக. இங்க ராணி மாதிரி ஓடுறவ, அங்க போயி வெளிய ஒக்காந்து தண்ணி பாட்டிலு எடுத்துக் குடுக்கப் போறியா?"

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"பி டீமுதான்னு தெரியும். போன மாசம் அங்க ஓடவிட்டுப் பாத்தாக. எடது பக்கம் ஆடுற நாலு பேரும் என்னயத் தாண்டிப் போயிட்டாக அத்தை. ஒருத்தியக்கூடப் பிடிக்க முடியல." சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் கண் அகலமாக விரிந்தது. "இங்க என்னயத் தாண்ட ஆளே இல்ல. நான் மெதுவா ஓடுனாலே கோலு விழுகுது. அவுகளோட ஓடுனாத்தான் எனக்கு ஓட வரும். ஒரு வருசம் வெளிய ஒக்காந்தாலும் சரி."

காளீஸ்வரி வைத்திருந்த ஒரே துருப்புச் சீட்டு அது. அதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தாள். வாதாட எத்தனையோ பேரிடம் எத்தனையோ வார்த்தை வைத்திருந்தவருக்கு, தோற்பதற்கென்றே போகிறேன் என்று நிற்கிற பிள்ளையிடம் அதில் ஒன்றும் செல்லாது என்று தெரிந்தது. மேல் பிரிவு போச்சு என்று ஒரு தடவை நினைத்தார். இந்தப் பிள்ளையை இத்தனை நாள் அலையவிட்டோமே என்று இரண்டு தடவை நினைத்தார்.

துர்கா பள்ளிப் பையிலிருந்து சட்டையை எடுத்தாள். காளீஸ்வரி சேலை முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போது பார்த்து ராஜபாண்டி படியேறி வந்தார். காளீஸ்வரி கையிலிருந்த சட்டையைப் பார்த்து, "என்ன மதினி, வாங்கிட்டீக?" என்றார், நம்ப முடியாமல்.

"வாங்கியாச்சு. பதினோரு பிள்ளைகளையும் நாளைக்கு மூணு ரவுண்டு கூட ஓடவிடுங்க" என்றார் காளீஸ்வரி.

கடிதத்தைத் தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேற்படி வீராங்கனை எங்கள் கழகத்திலிருந்து முறைப்படி விடுவிக்கப்படுகிறார், எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று மூன்றே வரி. பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். துர்கா வாங்கி மடிக்கப் போனாள். நாலு மணி அருப்புக்கோட்டை பஸ் அதற்குள் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தது.

"இருத்தா, ஒரு நிமிசம்."

கடிதத்தை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கி, பேனாவை எடுத்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நிதானமாக ஒரு வரி எழுதினார். துர்கா எட்டிப் பார்த்தாள். "ஒனக்கில்ல, அங்க கோச்சுக்கு" என்று உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். எழுதியது இவ்வளவுதான்: 'காலில் அடிபட்டால் தானாகச் சொல்ல மாட்டாள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.'

பிறகு மை டப்பாவை மறுபடி திறந்து, அந்த வரிக்குப் பக்கத்திலும் கழக முத்திரையை அழுத்திக் குத்தினார்.